ஃபிட்ஸ் நின்றது, பிள்ளை மாறிவிட்டான். இது மருந்தாலா?

தூங்காத அம்மா | திங்கள், இரவு 11:52

என் மகனுக்கு 6 வயது, எடை 20 கிலோ. மூன்று மாதத்துக்கு முன்பு ஒரு விடியற்காலையில் தூக்கத்தில் அவன் வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. எச்சில் வடிந்தது. கண் திறந்திருந்தது, நான் கூப்பிடுவது கேட்டது போலவும் இருந்தது, ஆனால் பேச்சு வரவில்லை. இரண்டு நிமிடம்தான். பத்து நாளில் மறுபடியும் அதே நேரத்தில், அதே மாதிரி. ஈ.ஈ.ஜி., அதாவது மூளை அலைப் பதிவு, எடுத்துப் பார்த்து ரோலாண்டிக் வலிப்பு என்றார்கள். இந்த வயதில் தூக்கத்தில் வரும், பதின்ம வயதுக்குள் பெரும்பாலும் தானே விலகிவிடும் என்றார்கள்.

லெவெடிராசெட்டம் சிரப் எழுதிக் கொடுத்தார்கள், 1 மில்லியில் 100 மி.கி. முதல் இரண்டு வாரம் காலையில் 2 மில்லி, இரவில் 2 மில்லி. அப்புறம் 4, 4. அன்றிலிருந்து ஃபிட்ஸ் வரவே இல்லை. அதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

ஆனால் டோஸ் ஏறிய ஐந்தாறு நாளில் வீட்டில் வேறொரு பையன் இருந்தான். என் பிள்ளை சாது. எறும்பு போனால் ஒதுங்கி நிற்பவன். இப்போது காலையில் செருப்பு மாட்டும்போது வார் கொஞ்சம் முறுக்கிக்கொண்டால் போதும், கத்தல், உதை. போன வாரம் அவன் அடுக்கி வைத்திருந்த மரக்கட்டைகளில் ஒன்றைத் தங்கை எடுத்தாள். அவளுக்கு 3 வயது. கட்டையை வீசினான், நெற்றியில் பட்டு வீங்கிவிட்டது. வீசிய அடுத்த நிமிடம் மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டான். நான் குனிந்து பார்த்தேன். தன் வலது கையை இடது கையால் இறுக்கிப் பிடித்திருந்தான். "அம்மா, என் கைக்குள்ள யாரோ கோபமா இருக்காங்க" என்றான்.

நான் அவனை அன்று அடித்திருந்தேன். மேஜைக்கு அடியில் போவதற்கு முன்பே அடித்துவிட்டேன். அதுதான் இந்த நேரத்தில் என்னைத் தூங்க விடவில்லை.

கணவர், நோய் வந்த நாளிலிருந்து செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டோம், கண்டித்தால் சரியாகும் என்கிறார். மாமியார், அந்த மருந்தை நிறுத்து, பிள்ளை பழையபடி வரட்டும் என்கிறார். மருத்துவமனைக்குப் போன் செய்தேன். அடுத்த முறை வரும்போது பேசலாம் என்றார்கள். அதற்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. இருதலைக் கொள்ளி எறும்பு மாதிரி இருக்கிறேன். யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

மழைக்காலம் | செவ்வாய், காலை 6:20

அக்கா, நடந்திருக்கிறது, வேறு மருந்தில். என் மகளுக்கு 5 வயது. வீசிங்குக்காக மாண்டெலுகாஸ்ட் 4 மி.கி. சப்பிச் சாப்பிடும் மாத்திரை இரவில் கொடுத்தோம். இரண்டு வாரத்தில் நடுராத்திரி எழுந்து சுவரைக் காட்டி அலற ஆரம்பித்தாள். தட்டி எழுப்பினாலும் என்னைத் தெரியவில்லை. பகலில் சும்மா இருக்கும்போதே அழுகை. பேய் பிசாசு என்று வீட்டில் பேச்சு வந்துவிட்டது. மருந்தோடு வந்த துண்டுச் சீட்டை ஒரு நாள் விரித்துப் படித்தேன். கெட்ட கனவு, தூக்கத்தில் நடப்பது, எரிச்சல், மனச்சோர்வு எல்லாம் அதில் இருந்தன. குழந்தை மருத்துவரிடம் காட்டினேன். அன்றே நிறுத்தச் சொல்லி, உறிஞ்சும் மருந்துக்கு மாற்றினார். நான்கைந்து நாளில் இரவு முழுக்கத் தூங்கினாள்.

உங்கள் மாமியார் சொல்வதில் தப்பில்லை. நிறுத்திப் பாருங்கள், தெரிந்துவிடும்.

சீசாவும் சீட்டும் | செவ்வாய், காலை 8:05

நான் மருந்தாளுநர். முதலில் மேலே எழுதிய சகோதரிக்கு ஒரு வார்த்தை: உங்கள் மகளுக்குச் செய்தது சரி. மாண்டெலுகாஸ்டுக்கு இந்த மனநிலைப் பக்க விளைவுகளுக்காகவே அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2020 மார்ச்சில் கறுப்புக் கட்டம் போட்ட எச்சரிக்கை கொடுத்தது, அவர்கள் தரும் எச்சரிக்கைகளில் அதுதான் கடுமையானது. வெறும் மூக்கொழுகும் அலர்ஜிக்கு, வேறு மருந்து பலிக்காதபோதுதான் தர வேண்டும் என்றும் சொன்னது. அது திடீரென்று நிறுத்தக்கூடிய மருந்து, ஆஸ்துமாவுக்கு மாற்று ஏற்பாடு இருந்தால் போதும்.

ஆனால் அதே யோசனையை வலிப்பு மருந்துக்குச் சொல்லவே கூடாது. தயவுசெய்து இதை எல்லோரும் கவனியுங்கள். லெவெடிராசெட்டத்தைச் சட்டென்று நிறுத்தினால் ஃபிட்ஸ் திரும்பி வருவது மட்டுமல்ல, நிற்காமல் தொடர்கிற நிலைக்கும் போகலாம். அது உயிருக்கே ஆபத்து. குழந்தைகள் உடம்பில் இந்த மருந்தின் அரை ஆயுள், அதாவது ரத்தத்தில் உள்ள மருந்து பாதியாகக் குறைய ஆகும் நேரம், ஏறக்குறைய 6 மணி நேரம்தான். ஆகவே ஒரு நாள் விட்டாலே ரத்தத்தில் அநேகமாக ஒன்றும் மிஞ்சாது. குறைப்பதென்றால் படிப்படியாக, மருத்துவர் போட்டுக் கொடுக்கும் கணக்கில்தான்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஆம், இது தெரிந்த பக்க விளைவு. மருந்தின் அதிகாரபூர்வக் குறிப்பிலேயே இருக்கிறது. 4 முதல் 16 வயதுப் பிள்ளைகளை வைத்து நடந்த ஆய்வுகளில், மருந்து எடுத்தவர்களில் சுமார் 38 சதவீதம் பேருக்கு நடத்தையில் மாற்றம் தெரிந்தது: படபடப்பு, சிடுசிடுப்பு, மூர்க்கம், காரணமில்லாத அழுகை. பெரியவர்களைவிடக் குழந்தைகளிடம் இது கூடுதல். ஏற்கெனவே நடத்தைச் சிக்கல் உள்ள பிள்ளைகளிடம் இன்னும் கூடுதல். உங்கள் மகனின் டோஸ் இரண்டு மடங்கானதும் தொடங்கியது என்கிறீர்கள். இது அளவு மீறிய டோஸ் இல்லை. கிலோவுக்கு ஒரு நாளைக்கு 20 மி.கி.யில் தொடங்கி 60 வரை போவது வழக்கம், நீங்கள் 40இல் இருக்கிறீர்கள். சரியான அளவிலேயே சில பிள்ளைகளுக்கு இப்படி ஆகும்.

ஒன்று மட்டும் இன்றே சரிபாருங்கள். சிரப்பை எதில் அளக்கிறீர்கள்? கரண்டியிலா, பெட்டியோடு வரும் ஊசியில்லாத சிரிஞ்சிலா? மில்லியையும் மில்லிகிராமையும் மாற்றிப் படித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நேர்பட | செவ்வாய், காலை 10:41

கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். 38 சதவீதம் என்று சொன்னீர்கள். அதே ஆய்வில் மருந்தே இல்லாத மாத்திரை சாப்பிட்ட பிள்ளைகளிலும் 19 சதவீதம் பேருக்கு அதே மாற்றங்கள் வந்தன. அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். வலிப்பு வந்த ஒரு குழந்தைக்கு மருந்தைத் தவிர ஒன்றும் நடக்கவில்லையா? விடியற்காலையில் பேச்சு வராமல் கிடந்திருக்கிறான், அது அவனுக்கு ஞாபகம் இருக்கும். தலையில் ஒயர் ஒட்டியிருக்கிறார்கள். அப்பா அம்மா முகம் மாறியிருக்கிறது. இரவில் யாரோ பக்கத்தில் படுத்து மூச்சைக் கவனித்துக்கொண்டே இருக்கிறார்கள். நேற்றுவரை திட்டியதற்கு இன்று திட்டுவதில்லை. இதெல்லாம் ஒரு ஆறு வயதுப் பிள்ளையை ஆட்டிவிடும்.

தூக்கத்தில் தெரியாமல் வரும் மூளை அலைக் கோளாறும் பகல் நேரத்து எரிச்சலுக்குக் காரணமாகலாம். மருந்து இல்லை என்று நான் சொல்லவில்லை. எல்லாவற்றையும் அதன் தலையில் போட்டுவிட்டால் மற்றதைப் பார்க்காமல் விட்டுவிடுவோம். என் தங்கை மகனுக்கு இதே மருந்து நான்கு வருடம் ஓடியது, ஒரு தொந்தரவும் இல்லை.

சீசாவும் சீட்டும் | செவ்வாய், காலை 11:15

நியாயமான திருத்தம். 19ஐ நான் சொல்லியிருக்க வேண்டும்.

இரண்டு ஜடை | செவ்வாய், பிற்பகல் 2:30

நான் ஒரு தந்தை. மகளுக்கு 9 வயது, லெவெடிராசெட்டம் ஒன்றரை வருடம் சாப்பிட்டாள். முதல் நான்கு மாதம் எங்கள் வீட்டில் நடந்ததை எழுதினால் நீங்கள் எழுதியதுதான் வரும். எங்களிடம் மட்டும் ஒரு வித்தியாசம்: அவள் வீசவில்லை, அழுதாள். பென்சில் முனை உடைந்தால் ஒரு மணி நேரம் அழுகை. "என்னைப் பிடிக்கலன்னா சொல்லிடுங்க" என்று கேட்பாள். நான் சொல்லிச் சொல்லி ஓய்ந்தேன்.

எங்கள் மருத்துவரிடம் முதல் தடவை போய், "ரொம்ப அழறா டாக்டர்" என்றேன். "பள்ளிக்கூடம் மாறினீங்களா?" என்றார். அவ்வளவுதான். அடுத்த தடவை என் மனைவி ஒரு நோட்டு கொண்டுவந்தாள். ஒவ்வொரு நாளும் டோஸ் கொடுத்த மணி, அழுகை தொடங்கிய மணி, எவ்வளவு நேரம், அதற்கு முன்பு என்ன நடந்தது, எத்தனை மணிக்குத் தூங்கினாள். இருபத்தாறு நாள். மருத்துவர் பத்து நிமிடம் அதையே புரட்டினார். மருந்துக்கு முந்தைய மாதங்களில் அவள் எப்படி இருந்தாள் என்பதையும் மனைவி முதல் பக்கத்தில் எழுதியிருந்தாள். அந்தப் பக்கம்தான் அவரை யோசிக்க வைத்தது.

டோஸைக் கொஞ்சம் குறைத்தார். கூடவே பைரிடாக்ஸின், அதாவது பி6 வைட்டமின், எழுதினார். "இதுக்கு ஆதாரம் உறுதியா இல்ல, சில பிள்ளைங்களுக்குக் கேக்குது, முயற்சி பண்ணலாம்" என்று வெளிப்படையாகவே சொன்னார். எது கேட்டது என்று எனக்குத் தெரியாது, இரண்டையும் ஒன்றாகச் செய்ததால். அழுகை பாதியாகியது. மீதியோடு வாழ்ந்தோம். ஆசிரியையிடமும் சொன்னோம், அது பெரிய உதவி.

கேட்காமல் நீங்களே பி6 வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். அளவு கூடினால் அதுவே நரம்பைக் கெடுக்கும்.

பழைய பிள்ளை | செவ்வாய், இரவு 9:48

இங்கே நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. எனக்கு 53 வயது. ஐந்து வயதில் எனக்கும் ஃபிட்ஸ். அந்தக் காலத்தில் பீனோபார்பிட்டோன் மாத்திரை கொடுத்தார்கள். பெரியவர்களை அது தூங்க வைக்கும். குழந்தைகள் பலரை அது நேர்மாறாக ஆட்டிவைக்கும், ஓட்டம், கோபம், ஓரிடத்தில் உட்கார முடியாமை. இன்று எந்த மருத்துவ நூலிலும் இதைப் படிக்கலாம். அன்று என் வீட்டில் யாருக்கும் யாரும் சொல்லவில்லை.

எனக்கு வீட்டில் வைத்த பெயர் முரடன். ஒரு நாள் அண்ணனின் நோட்டைக் கிழித்தேன். ஏன் கிழிக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை, கிழிக்கும்போதே அழுதுகொண்டிருந்தேன். அப்பா தூணில் கட்டி வைத்தார். அவர் கொடுமைக்காரர் இல்லை. பிள்ளையைத் திருத்துகிறோம் என்று நம்பினார். பத்து வயதில் மருந்தை நிறுத்தினார்கள். நான் அமைதியானேன். "அடிச்சதுல திருந்திட்டான்" என்று சொல்லிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன், முப்பது வருடத்துக்கும் மேலாக.

அம்மா இறந்த பிறகு அவர் பெட்டியில் என் பழைய மருந்துச் சீட்டுகள் இருந்தன. வேறு ஒரு விஷயத்துக்காகப் பார்த்துக்கொண்டிருந்த மருத்துவரிடம் காட்டினேன். அவர் சீட்டைப் படித்துவிட்டு, "சின்ன வயசுல ரொம்பக் கோபம் வருமா உங்களுக்கு?" என்று கேட்டார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

அம்மா, உங்கள் மகன் மேஜைக்கு அடியில் இருந்து சொன்னதை நான் நாலு தடவை படித்தேன். அந்த வார்த்தை எனக்கு அன்று கிடைக்கவில்லை. அவனுக்குக் கிடைத்திருக்கிறது. நீங்களும் அதைக் கேட்டிருக்கிறீர்கள். அவனிடம் சொல்லுங்கள், அது அவன் இல்லை என்று. இன்றைக்கே சொல்லுங்கள்.

தூங்காத அம்மா | புதன், அதிகாலை 5:10

ஐயா, உங்கள் பதிவைக் கணவரிடம் படித்துக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய்ப் பிள்ளை பக்கத்தில் படுத்துக்கொண்டார்.

சிரிஞ்சில்தான் அளக்கிறேன், சரியாக 4 மில்லி. நேற்று மறுபடி பார்த்தேன்.

"நேர்பட" சொன்னதையும் யோசித்தேன். உண்மைதான், நான் இரவு முழுக்க அவன் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். கண் விழித்தால் என் முகம்தான் தெரியும், அதுவும் பயந்த முகம். ஆனால் ஒன்று இடிக்கிறது. முதல் இரண்டு வாரம், 2 மில்லி கொடுத்தபோதும் இதே பயம் இருந்தது, இதே முகம்தான் இருந்தது. அப்போது அவன் இப்படி இல்லை. 4 ஆன பிறகுதான்.

வார்டு அக்கா | புதன், காலை 7:35

குழந்தைகள் வார்டில் 17 வருடமாகச் செவிலியாக இருக்கிறேன். தங்கச்சி, இப்போது நீ கடைசியாக எழுதியதை அப்படியே மருத்துவரிடம் சொல். "2இல் இல்லை, 4இல் வந்தது." நூறு வார்த்தைக்கு அது சமம். ஐந்து வாரம் காத்திருக்காதே. போனில், "கோபமா இருக்கான்" என்றால் தள்ளிப் போடுவார்கள். "மருந்து டோஸ் ஏத்துன பிறகு நடத்தை மாறியிருக்கு, தங்கச்சியைக் காயப்படுத்திட்டான், இந்த வாரமே டாக்டர் பார்க்கணும்" என்று சொல். வரவேற்பில் இருப்பவர் எழுதிக்கொள்ளும்படி சொல்.

சிலவற்றுக்கு அப்பாயின்ட்மென்ட் என்று பார்க்கவே கூடாது. செத்துப்போகணும், நான் இருக்கக் கூடாது என்று பிள்ளை பேசினால், இல்லாததைப் பார்க்கிறேன் கேட்கிறேன் என்றால், தன்னையே காயப்படுத்திக்கொண்டால், அன்றே கூட்டிக்கொண்டு போக வேண்டும். சின்னப் பிள்ளை, சும்மா சொல்கிறான் என்று விடாதே. காய்ச்சலோடு உடம்பில் தடிப்பு வந்து நிணநீர்க் கட்டி வீங்கினாலும் அப்படியே. அரிதுதான், ஆனால் இந்த மருந்துக்கு அந்த எச்சரிக்கையும் இருக்கிறது. ஃபிட்ஸ் 5 நிமிடம் தாண்டினாலும் அவசரம்தான். ஒருக்களித்துப் படுக்க வை, வாயில் எதையும் வைக்காதே, மணியைப் பார்.

கோபம் ஏறும்போது என்ன செய்வது என்று நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். அந்த நேரத்தில் பேசிப் புரிய வைக்க முடியாது. கேள்வி கேட்காதே. தங்கையைத் தூக்கி வேறு அறைக்கு அனுப்பு, எறியக்கூடியதை எடுத்துவிடு, நீ தரையில் உட்கார். அவனைவிட உயரமாக நிற்காதே. மூச்சு இறங்கும்வரை சும்மா இரு. இறங்கிய பிறகு தண்ணீர் கொடு. எங்கள் வார்டில் இதற்கு மேல் ஒன்றும் செய்வதில்லை, இது போதுமானதாக இருக்கிறது. தங்கைக்கு வலித்தது என்பதை அப்புறம் அவனிடம் சொல்லத்தான் வேண்டும். மருந்தால் வந்தது என்பதற்காக அவள் வலி இல்லையென்று ஆகாது.

மழைக்காலம் | புதன், காலை 9:02

நிறுத்திப் பாருங்கள் என்று நேற்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன் அக்கா. வலிப்பு மருந்துக்கு அது பொருந்தாது என்று எனக்குத் தெரியாது. யாரும் அதைப் பின்பற்ற வேண்டாம்.

நேர்பட | புதன், காலை 9:30

2இல் இல்லை, 4இல் வந்தது என்றால் என் சந்தேகம் பெருமளவு குறைகிறது. அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். வீடியோ இருந்தால் அதையும்.

தூங்காத அம்மா | எட்டு நாள் கழித்து, வியாழன் இரவு

வார்டு அக்கா சொன்ன வார்த்தைகளையே போனில் சொன்னேன். நான்கு நாளில் பார்க்கக் கூப்பிட்டார்கள்.

ஏழு நாள் நோட்டும், இரண்டு வீடியோவும் கொண்டுபோனேன். வீடியோ எடுக்கும்போது எனக்கு மனசே வரவில்லை, பிள்ளை துடிக்கும்போது போனைப் பிடிப்பது என்ன தாய் என்று இருந்தது. ஆனால் மருத்துவர் அதைப் பார்த்த விதத்தில் புரிந்தது. கத்துவதைவிட, கத்திக்கொண்டிருக்கும்போது அவன் கண்ணையும் வாயையும்தான் பார்த்தார். நாம் பேசுவதற்கு அவன் பதில் சொல்கிறான், உதடு இழுக்கவில்லை, அதனால் இது வலிப்பு இல்லை என்றார். தூக்கத்தில் ஒரு ஈ.ஈ.ஜி. மறுபடி எடுத்தார்கள், புதிதாக ஒன்றும் இல்லை.

இப்போதைக்கு 4இலிருந்து 3 மில்லி. மூன்று வாரம் பார்க்கலாம், போதவில்லை என்றால் பிரிவராசெட்டம் என்ற மருந்துக்கு மாற்றலாம் என்றார். மூளையில் அதே புரதத்தில்தான் அதுவும் ஒட்டுகிறதாம். ஆனால் இந்தக் கோபத்தைப் பல பிள்ளைகளிடம் அவ்வளவாகக் கிளப்புவதில்லை, சிலரிடம் கிளப்பவும் செய்யும் என்றார். இன்னொரு வாசலையும் திறந்து வைத்தார். இந்த வகை வலிப்பில், எப்போதோ ஒரு தடவை தூக்கத்தில் மட்டும் வந்தால், மருந்தே இல்லாமல் கவனித்துக்கொண்டிருப்பதும் உண்டு என்றார். அதைக் கேட்டதும் கணவர் முகம் வெளுத்துவிட்டது. இப்போது அந்த முடிவு வேண்டாம், குறைத்துப் பார்ப்போம் என்று எழுந்தோம்.

வீட்டுக்கு வந்து மகனிடம் சொன்னேன். "உன் ஃபிட்ஸ நிறுத்துற மருந்து, கூடவே கோபத்தையும் கொண்டு வந்துடுச்சு. டாக்டர் கொஞ்சம் கம்மி பண்ணியிருக்காங்க. அன்னிக்கு உன்ன அடிச்சது என் தப்பு." அவன் கையில் கட்டை இருந்தது, அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அப்ப நான் கெட்ட பையன் இல்லையா?" என்று கேட்டான். யார் அவனிடம் கெட்ட பையன் என்று சொன்னது என்று யோசித்தேன். நாங்கள் எல்லோரும் சொல்லியிருக்கிறோம்.

பழைய பிள்ளை | வியாழன், இரவு 11:20

படித்தேன் அம்மா. நன்றி.

தூங்காத அம்மா | நான்கு வாரம் கழித்து

பலர் தனிச்செய்தியில் கேட்டதால் எழுதுகிறேன். 3 மில்லிக்கு வந்து ஆறாம் நாளிலிருந்து மாற்றம் தெரிந்தது. நோட்டில் பார்த்தால், முன்பு ஒரு நாளைக்கு நான்கு, ஐந்து தடவை. இப்போது ஒன்று, சில நாள் ஒன்றும் இல்லை. நேரமும் குறைந்திருக்கிறது, நாற்பது நிமிடம் இருந்தது பத்து நிமிடமாகியிருக்கிறது.

போன ஞாயிறு விடியற்காலையில் ஒரு ஃபிட்ஸ் வந்தது. 50 விநாடி. வயிற்றில் புளியைக் கரைத்தது. மருத்துவரிடம் உடனே சொன்னோம். மறுபடி டோஸை ஏற்ற வேண்டாம், பிரிவராசெட்டத்துக்கு மாற்றலாம் என்று முடிவாகியிருக்கிறது. மாற்றுவதற்கு நாள்வாரியாக அட்டவணை கொடுத்திருக்கிறார். சமையலறைக் கதவில் ஒட்டியிருக்கிறேன். மாமியார் தினமும் அதைப் பார்த்து அவரே சிரிஞ்சில் அளக்கிறார். நிறுத்து என்று சொன்னவர்தான். அந்த 50 விநாடியும் அவர்தான் அவனை ஒருக்களித்துப் பிடித்திருந்தார்.

கணவரும் ஒரு காரியம் செய்தார். பள்ளிக்குப் போய் ஆசிரியையிடம் எல்லாவற்றையும் சொன்னார். வகுப்பில் அவனைத் தனியாக உட்கார வைத்திருந்தார்களாம், எங்களுக்குத் தெரியவே தெரியாது. மறுநாளே பழைய இடத்துக்கு மாற்றினார்கள்.

புதிதாய் வந்தவள் | அன்று மாலை

அக்கா, என் பையனுக்கு நேற்றுதான் இதே சிரப் தொடங்கினார்கள். படித்துவிட்டுப் பயமாக இருக்கிறது. கொடுக்கலாமா?

இரண்டு ஜடை | அன்று மாலை

கொடுங்கள் சகோதரி. மருத்துவர் சொன்னபடியே கொடுங்கள். ஆய்வுக் கணக்கில் பார்த்தாலும் பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு இந்தத் தொந்தரவு வரவில்லை. இன்றைக்கே ஒரு நோட்டு போடுங்கள், அவன் இப்போது எப்படி இருக்கிறான் என்று முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். அந்தப் பக்கத்தைப் பிறகு ஞாபகத்தில் இருந்து எழுதினால் சரியாக வராது. எங்களுக்கு வரவில்லை, போட்டோக்களைப் பார்த்துத்தான் எழுதினோம்.

புதிதாய் வந்தவள் | அன்று இரவு

தூங்காத அம்மா, உங்கள் நோட்டில் என்னென்ன கட்டம் போட்டிருக்கிறீர்கள் என்று சொல்ல முடியுமா?

தூங்காத அம்மா | அன்று இரவு

சொல்கிறேன்மா. தேதி, காலை டோஸ் மணி, இரவு டோஸ் மணி, எத்தனை மில்லி. எத்தனை மணிக்குத் தூங்கினான், எழுந்தான். கோபம் வந்த நேரம், எவ்வளவு நிமிடம், அதற்கு முன்னால் என்ன நடந்தது. காய்ச்சல், சளி இருந்ததா. ஃபிட்ஸ் வந்தால் சிவப்பு மையில் மணியும் விநாடியும். நல்லபடியாக நடந்த ஒன்றையும் எழுதுகிறேன், இல்லையென்றால் நோட்டு முழுக்கப் புகார் மாதிரி ஆகிவிடுகிறது, அவன் எழுத்துக் கூட்டிப் படிக்கிற வயதில் இருக்கிறான்.

கடைசிக் கட்டம் அவனே கேட்டு வாங்கியது. ராத்திரி மருந்து குடித்ததும் அதில் ஒரு முகம் வரைவான். இன்று வரைந்த முகத்தில் வாய் ஒரு நேர்க்கோடு. "சிரிக்கலையாடா?" என்று கேட்டேன். "இன்னிக்கு இப்படித்தாம்மா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுப் பென்சிலைத் தங்கையிடம் கொடுத்தான். அவள் பக்கத்திலேயே இன்னொரு முகத்தைக் கிறுக்கியிருக்கிறாள்.